ரேடியம் தக்கை

"எரியுதா மாமா?"

"சும்மா ஜகஜோதியா எரியுதும்மா. ஏரியில நம்ம தக்கைதான் ராஜா. பக்கத்துல குந்திகினு இருக்கறவன்லாம் எங்க வாங்கினேன்னு கேக்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என் மருமக செஞ்சதுன்னு சொன்னேன். வேற இன்னா சொல்வாங்க?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மர்பி டவுன் வீட்டுச் சமையலறை வாசலில் நடந்த பேச்சு இது. வெங்கடசாமி முந்தின நாள் சாயங்காலம் ஏரிக்குப் போய் வந்திருந்தார். மீன் ஒன்றும் கொண்டுவரவில்லை. வீணா பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்துக்கொண்டே சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கிழவர் கவனித்தார்.

தக்கை என்றால், தூண்டில் நரம்பில் கட்டி நீரில் மிதக்கவிடுகிற விரல் நீளத் தெர்மோகோல் துண்டு. மீன் இரையைத் தொட்டால் தக்கை ஆடும், கவ்வினால் முங்கும். பகலில் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இருட்டிவிட்டால்? அதற்காகத்தான் வீணா அந்தத் துண்டுகளைச் சுற்றி ரேடியம் ஒட்டிக் கொடுத்திருந்தாள்.

பெங்களூரில் இருட்டில் பளிச்சிடுகிற எதற்கும் ரேடியம் என்றுதான் பெயர். வண்டி நம்பர் பிளேட்டில் ஒட்டுவதும் ரேடியம், ஹெல்மெட்டின் பின்னால் ஒட்டுவதும் ரேடியம், குழந்தைகள் படுக்கிற அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திரமும் ரேடியம். காக்ஸ் டவுனில் மௌரீன் நடத்துகிற ஸ்டிக்கர் கடையில் வீணா வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அவளுக்கும் எல்லாம் ஒரே ரேடியம்தான்.

அந்தக் கடையில் அவள் சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் புருஷன் தினேஷ் பீன்யா தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டு முடித்து வந்துகொண்டிருந்தவன், ரோட்டோரம் விளக்கில்லாமல் நிறுத்தியிருந்த ஒரு லாரியின் பின்பக்கத்தில் பைக்கோடு போய் மோதி இறந்துபோனான். லாரியின் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு ரேடியம் ஒட்டியிருந்தால் வண்டியின் வெளிச்சம் பட்டு மின்னியிருக்கும், பையன் பார்த்திருப்பான் என்று ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ்காரர் சொன்னார். அந்த வார்த்தை வீணாவின் மனசில் தைத்துக்கொண்டது. சாப்பிடவில்லை, பேசவில்லை, மாதக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் தானாக எழுந்து, கடை வாசலில் 'ஆள் தேவை' அட்டை தொங்கியதைப் பார்த்து உள்ளே போய் நின்றாள்.

முதல் சனிக்கிழமை கடையிலிருந்து துண்டு ரேடியம் கொண்டுவந்து, மாமனாரின் தக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, வெட்டி, ஒட்டி, நகத்தால் தேய்த்துக் காற்றை வெளியேற்றி, டார்ச் அடித்துப் பார்த்தாள். பளீரென்றது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு தக்கை பழசாகும்போதெல்லாம் அவளே புதுசு செய்து வைத்துவிடுவாள். "எரியுதா மாமா?" என்பதும் "ஜகஜோதி" என்பதும் அந்த வீட்டில் நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன் என்பது மாதிரி ஆகிவிட்டன.

இப்போது அந்த வீட்டில் வீணாவின் கல்யாணப் பேச்சு நின்றுபோய்க் கிடந்தது.

மாப்பிள்ளை கிரண். சந்தாபுராவில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். ஏரியிலிருந்து திரும்பும் வழியில் வெங்கடசாமியின் ஸ்கூட்டர் நின்றுபோய், தள்ளிக்கொண்டே அவன் கடைக்குப் போனதில் ஆரம்பித்த பழக்கம். ஸ்கூட்டருக்கு நம்பர் பிளேட் மாற்ற வேண்டும் என்று கிரண் காக்ஸ் டவுனுக்கு வந்தான். பிறகு தன் கடைக்கு வந்த எல்லா வண்டிகளின் நம்பர் பிளேட்டுக்கும் காக்ஸ் டவுனுக்கே வந்தான். சந்தாபுராவில் நம்பர் பிளேட் எழுதுகிறவர்களே இல்லையா என்று மௌரீன் ஒருநாள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். பையன் காது சிவந்து நின்றான். வீணாவிடம் முதலில் பேச்செடுத்ததே வெங்கடசாமிதான். "நல்ல புள்ளம்மா. கையில கிரீஸு, மனசுல ஒண்ணும் கெடையாது" என்றார்.

வீணா யோசித்தாள், சம்மதித்தாள். பதிவுத் திருமணம், பிறகு தெருக்கோடிப் புத்த விகாரையில் ஒரு வணக்கம் என்று முடிவானது. ஆனால் அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். மாமாவும் சந்தாபுராவுக்கு வந்து கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் வேண்டாம். கிரணுக்கு அதில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. முணுமுணுப்பெல்லாம் கிழவரிடம்தான்.

தை மாதக் குளிர். அவரைக்காய்க் காலம். சாயங்காலம் கூடத்தில் இருவரும் ஊறவைத்த அவரைக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். விரல் நுனியில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்தில் போய் விழும், தோல் கையில் நிற்கும். சுவரில் புத்தர் படமும் பக்கத்தில் தினேஷ் படமும்.

"கிரண் முன் ரூமுக்கு பெயிண்ட் அடிச்சிட்டாராம் மாமா."

"நல்லா இருக்கட்டும்."

"உங்களுக்குத்தான் அது."

"எனக்கு இன்னாத்துக்கு? இங்க எனக்கு இன்னா கொறைச்சல்? தண்ணி வருது, கரண்டு வருது, தெரு மொனையில மெஸ்ஸு இருக்குது. சிநேகிதக்காரனுங்க இருக்கறானுங்க. நான் பாட்டுக்கு நல்லா இருப்பேன்மா. நீ போ."

"எந்த சிநேகிதக்காரர்? ஒருத்தர் ஓசூர் போயிட்டாரு. இன்னொருத்தருக்குக் காது கேக்காது."

"காது கேக்காதவன்கிட்டதான் நிம்மதியா பேசலாம்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு பருப்பு வழுக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது. கிழவர் குனிந்து அதை எடுத்து ஊதிக் கிண்ணத்தில் போட்டார்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உனக்கு நான் மாமனாரு. சரி. தினேசுக்கு அப்பன். சரி. கிரணுக்கு நான் இன்னா ஆவணும்?"

வீணா அடுத்த கொட்டையை எடுத்தாள்.

"மாமனாரா? பொண்ணு குடுத்தவன்தான் மாமனாரு. நான் மருமவள குடுக்கறேன். நாளைக்கு யாராச்சும் ஊட்டுக்கு வந்து, முன் ரூம்ல குந்திகினு இருக்கற பெருசு யாருப்பான்னு கேட்டா அந்தப் புள்ள இன்னா சொல்லும்? அதுக்கு ஒரு பேரு இருக்குதா தமிழ்ல? கன்னடத்துல இருக்குதா? எனக்கு ரெண்டும் தெரியும், ரெண்டுலயும் இல்ல. பேரு இல்லாத எடத்துல போயி ஒரு மனுசன் எப்டிம்மா குந்துவான்?"

வீணா பிதுக்கிய பருப்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ராத்திரிச் சாப்பாட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்பு மணத்தது. கிழவர் ராகிக் களி உருண்டையான முத்தேயை உருட்டி உருட்டி விழுங்கிவிட்டு, "நல்லா இருக்குதும்மா" என்றார்.

மறுநாள் கடையில் மௌரீன் ஒரு பெரிய ரோலைப் பிரித்துப் போட்டிருந்தாள். புது அடுக்குமாடி வீடு ஒன்றுக்கு ஆர்டர். மாடிப்படியில், வெளியேறும் பக்கம் காட்டுகிற அம்புக்குறிகள். கரண்டு போனாலும் இருட்டில் தானாக ஒளிர வேண்டும். வெளிர் பச்சைத் தாள், தொட்டால் கொஞ்சம் தடிமன்.

"இது எசகுபிசகா வெட்டினா போச்சு மகளே. மத்த ரேடியம் மாதிரி இல்ல, இது நைட் க்ளோ. வெல ஜாஸ்தி" என்றாள் மௌரீன். அம்பத்தைந்து வயசு. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் உலகத்தையே பார்ப்பாள். "மத்தது மேல வெளிச்சம் பட்டாதான் மின்னும். இது வெளிச்சத்தைக் குடிச்சு வெச்சுக்கும். ரெண்டுக்கும் ரேடியம்னே பேர் வெச்சு ஜனங்க நம்ம பிராணனை வாங்குது."

வீணாவுக்கு இது தெரியாத விஷயமில்லை. இரண்டு வருஷமாக இரண்டையும் வெட்டுகிறாள். அம்புக்குறிகளை வெட்டி முடித்து, ஓரத்தில் மிஞ்சிய துண்டுகளைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மிச்சத் துண்டுகள் வேலை செய்கிறவர்களுக்கு என்பது கடை வழக்கம்.

"என்ன சொல்றாரு உன் மாமனாரு?"

"நல்லா இருப்பேன், நீ போங்கறாரு ஆண்ட்டி. வாயைத் திறந்தா அதுதான். அதுக்கு மேல கேட்டா எழுந்து வெளிய போயிடறாரு."

"எழுந்து போக முடியாத எடத்துல கேளு."

"அது எங்க இருக்கு?"

"ஏரிக்கரையில. தூண்டில் போட்ட ஆம்பள கம்பை விட்டுட்டு எழுந்து போகவே மாட்டான். எங்க வீட்டுக்காரரு உசுரோட இருந்தப்ப அவர்கிட்ட நான் சண்டை போட்டதெல்லாம் அங்கதான்." மௌரீன் கண்ணாடியை மேலே தள்ளினாள். "அது சரி, உன் மாமா இத்தனை நாள்ல ஒரு மீனாவது கொண்டாந்திருக்காரா? எங்க வீட்டுப் பூனைக்கே அவர் மேல மரியாதை போயிடுச்சு."

அது வீணாவுக்கும் இருந்த சந்தேகம்தான். ஒருமுறை கேட்டிருக்கிறாள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி விகாரையில் உயிர்க்கொலை செய்யமாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகிறீர்களே என்று. "நான் எங்கம்மா புடிக்கறேன்? அதுங்க வந்து துன்னுட்டுப் போவுதுங்க" என்றார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் ஸ்கூட்டரில் தூண்டில் கம்புகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது வீணா ஸ்வெட்டரும் சால்வையுமாக வந்து நின்றாள்.

"நானும் வரேன் மாமா."

"எங்க?"

"ஏரிக்கு. நான் செஞ்ச தக்கையை நானே இன்னும் தண்ணியில பாத்ததில்ல."

கிழவர் கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். "குளிரும்மா. கொசு. பொம்பளைங்க யாரும் வரமாட்டாங்க. கலீஜா இருக்கும்."

"இருக்கட்டும்."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

"அடுத்த வாரம் நீங்க வேற காரணம் சொல்வீங்க." அவள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

சந்தாபுரா வரைக்கும் கிழவர் ஸ்கூட்டரை மெதுவாகவே ஓட்டினார். கிரண் கடை வாசலில் டீ வாங்கிக் கொடுத்தான். ஸ்கூட்டரைச் சுற்றி வந்து பிரேக்கை அழுத்திப் பார்த்து, "அங்கிள், ஒயர் லூஸ் ஆயிருக்கு, ஒரே நிமிஷம்" என்று ஸ்பானரை எடுத்தான்.

"நீங்களும் வர்றீங்களா?" என்று வீணா மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம். நான் வந்தா அவரு விருந்தாளிகிட்ட பேசற மாதிரி பேசுவாரு." கிரண் வயரை முறுக்கிக்கொண்டே சொன்னான். "முன் ரூம்ல ஜன்னல் கதவுக்குக் கொக்கி வெச்சுட்டேன். திறந்து வெச்சா காத்து அடிச்சி மோதாது. வயசானவங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது இல்ல?"

வீணா டீ டம்ளரைக் கழுவி வைத்தாள்.

ஏரி ஊரைத் தாண்டி ஒரு மண்பாதையின் முடிவில் இருந்தது. இந்தப் பக்கம் கரை, அந்தப் பக்கம் ஆகாயத்தாமரை, அதற்கும் பின்னால் கட்டிமுடியாத உயரக் கட்டடங்கள். தண்ணீரில் கொஞ்சம் சேற்று வாசனை, கொஞ்சம் சோப்பு வாசனை. ஏரியை டெண்டர் எடுத்தவனின் ஆள் மீன் பிடிக்கச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தான். வெயில் சட்டென்று இறங்கிக் கொக்குகள் கூட்டமாகப் போய்ச் சேர்ந்ததும், கரை நெடுக ஒவ்வொன்றாக வெளிச்சப் புள்ளிகள் தோன்ற ஆரம்பித்தன.

வீணா அப்படி ஒன்றை எதிர்பார்க்கவே இல்லை. தண்ணீருக்கு மேலே சிவப்பாக ஒரு புள்ளி, பச்சையாக இரண்டு, அப்பால் ஊதாவாக ஒன்று. காற்று அசைந்தால் எல்லாம் சேர்ந்து தலையாட்டின. கம்புகளின் நுனியில் மஞ்சள் குச்சிகள் மின்மினி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் நின்று நின்று பார்த்தாள்.

"அண்ணா, இது என்ன? உள்ள பேட்டரியா?" என்று கரையில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கேட்டுவிட்டாள்.

அந்த ஆளுக்குப் பெருமை. ஒரு தக்கையை எடுத்துக் காட்டினார். "ஊசி மாதிரி பேட்டரிக்கா, அடியில திருகினா எரியும். மீன் தொட்டா சிவப்பா மாறும். கம்பு நுனியில இருக்கறது க்ளோ ஸ்டிக், மடக்கினா உள்ள ஒடைஞ்சு வெளிச்சம் வரும். காலையில செத்துப்போகும்."

"மாறுமா? அதுக்கு எப்படித் தெரியும், மீன் தொட்டுச்சா காத்து தொட்டுச்சான்னு?"

"அது அதுக்கே தெரியாதுக்கா. நானே ஏமாந்துதான் எழுந்து எழுந்து பாக்கறேன்." அவர் சிரித்துவிட்டு, அவளுக்குப் பின்னால் பார்த்துக் கைதூக்கினார். "ஏன் லைட் தாத்தா, ஊட்டு ஜனத்தையெல்லாம் கூட்டினு வந்துட்டே? இன்னிக்கு மீனுக்கு லீவா?"

"வாம்மா, எடம் போயிடும்" என்று கிழவர் அவசரமாக நடந்தார்.

"லைட் தாத்தாவா? உங்களையா சொன்னாரு?"

"அவன் சும்னே எதாச்சும் சொல்வான்."

இடம் போய்விடும் என்றாரே தவிர, அவர் போன இடத்துக்கு யாரும் போட்டிக்கு வருவதாகத் தெரியவில்லை. கரை முடிந்து, முள்வேலியும் தாண்டி, ஆகாயத்தாமரை கரையேறிக் கிடந்த ஒரு மூலை. மற்றவர்களின் பேச்சுச் சத்தம்கூட அங்கே தேய்ந்துதான் வந்தது. இத்தனை நல்ல கரையை விட்டு இங்கே ஏன் என்று வீணா யோசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் தக்கையை எங்கே வாங்கினாய் என்று கேட்பார்களாமே. இங்கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

கிழவர் சாக்கை விரித்தார். டிபன் டப்பாவில் நேற்றைய ராகி முத்தே. பாதியைப் பிட்டு அவளிடம் கொடுத்து, மீதியைக் கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டிக் கொக்கியில் குத்தினார். அவள் செய்து கொடுத்த தக்கை. வெள்ளி நிறத்தில் மூன்று வரி. கம்பைப் பின்னால் வாங்கி வீசினார். இருட்டுக்குள் எங்கேயோ ‘தொப்’ என்றது.

பிறகு நெற்றியில் கட்டியிருந்த விளக்கைப் போட்டார். "பாரு."

வீணா பார்த்தாள். வெளிச்சத்தில் தண்ணீர் தெரிந்தது, இலைகள் தெரிந்தன. தக்கை இருக்கிற இடத்தில் மங்கலாக ஏதோ. "எங்க மாமா?"

"தோ பளபளன்னு இருக்குது பாரு."

அவள் நகர்ந்து வந்து, அவர் தோளோடு தோள் ஒட்டி, தலையை அவர் தலைக்குப் பக்கத்தில் சாய்த்தாள். அப்போது தெரிந்தது. தண்ணீரில் ஒரு வெள்ளி நெருப்பு. வெளிச்சம் எந்தக் கண்ணுக்குப் பக்கத்திலிருந்து போகிறதோ அந்தக் கண்ணுக்கே திரும்பி வருகிற நெருப்பு. லாரியின் பின்னால் ஒட்டுகிற ரேடியம் அப்படித்தான். வண்டி ஓட்டி வருகிறவனுக்கு மட்டும் கத்திச் சொல்லும்.

"லைட் தாத்தா! ஆஃப் மாடி! மீனு ஓடோகுத்தே!" தூரத்தில் கரையிலிருந்து கன்னடத்தில் ஒரு குரல். விளக்கை அணை, மீன் ஓடிவிடும் என்று. இன்னொரு குரல் சிரித்தது.

"சாரி சுவாமி, சாரி" என்று கிழவர் விளக்கை அணைத்தார்.

வெள்ளி நெருப்பு போய்விட்டது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். தண்ணீர் இருந்தது. இருட்டு இருந்தது. தூரத்தில் மற்றவர்களின் சிவப்பும் பச்சையும் தலையாட்டிக்கொண்டிருந்தன. இங்கே ஒன்றும் இல்லை.

"மாமா."

"உம்."

"தக்கை எங்க?"

"அங்கதான் இருக்குது."

"தெரியலையே."

"இருக்கும்மா. எங்க போவப்போவுது?"

லைட் தாத்தா. இந்த மூலை. பூனையின் மரியாதை. ஒவ்வொன்றாக அவள் மனசில் வந்து சேர்ந்தன. மேலே இருந்த ரோலிலிருந்து கைக்கு வந்ததை வெட்டிக்கொண்டு வந்த அந்த முதல் சனிக்கிழமையும் வந்தது.

"ரெண்டு வருஷமா மாமா?"

"இன்னாது?"

"ரெண்டு வருஷமா இது எரியவே இல்ல. வெளிச்சம் அடிச்சா மின்னுது, அவ்ளோதான். நான் தப்பான ரேடியத்தை ஒட்டிட்டேன். நீங்க எரியுதுன்னு சொன்னதால ஒவ்வொரு தடவையும் அதையே ஒட்டினேன். நீங்க லைட்டைப் போட்டுப் போட்டுப் பாக்கறீங்க, எல்லாரும் கத்தறாங்க, அதனால இந்த மூலைக்கு வந்து உக்காந்திருக்கீங்க. அப்படித்தானே?"

கிழவர் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எழுந்து போக இடம் இல்லை. மௌரீன் சொன்னது சரிதான்.

"இங்க காத்து நல்லா வருதும்மா."

"மாமா!"

"சரி, சரி. எரியல. அதுக்கு இன்னா இப்போ?"

"ஒரு பேட்டரித் தக்கை வாங்கியிருக்கலாமே!"

"வாங்கினா நீ பாத்துடுவ."

"ஒளிச்சு வெச்சிருக்கலாம்."

"உன்ன ஏமாத்தறதா?"

"இப்ப பண்ணினது என்ன?"

"இது ஏமாத்தறது இல்ல. எனக்கு மீன் கெடைக்கல, அவ்ளோதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருட்டில் அது தெரியாது என்ற தைரியம். "ஏன் மாமா சொல்லல? ஒரு வார்த்தை. எரியலம்மா, வேற செஞ்சு குடுன்னு."

கிழவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நீ சோறு துன்னாம கெடந்த பொண்ணு. திடீர்னு ஒருநாளு கத்தரிக்கோல வெச்சிகினு குந்தினே. வெட்டினே, ஒட்டினே, நகத்தால தேச்சே. நான் சமையல்கட்டுல நின்னு பாத்துகினே இருந்தேன். மக்யா நாளு காலையில எரியுதா மாமான்னு கேட்டே. ரேடியம் தெரியலம்மா, இருட்டுல தெரியவே இல்லம்மான்னு உன்கிட்ட நான் எப்டிச் சொல்றது? உன்கிட்ட?"

ஏரியின் மேல் குளிர் இறங்கியது. எங்கோ ஒரு தூண்டில் கம்பில் கட்டியிருந்த மணி கிணுகிணுத்தது. யாரோ கூச்சலிட்டு, பிறகு அடங்கினார்கள். வீணா சால்வையை அவர் தோளுக்கும் சேர்த்து இழுத்துப் போர்த்தினாள்.

"அப்போ நீங்க நல்லா இருக்குன்னு சொன்னா நம்பக் கூடாது."

"அப்டி இல்ல."

"போன வாரம் உப்புமா நல்லா இருக்குன்னீங்க."

"உப்பு இல்ல."

"தீபாவளிக்கு எடுத்த சட்டை?"

"கழுத்து புடிக்குது."

"கிரண்?"

"அது நெஜமாவே நல்ல புள்ள. அதுல பொய் இல்ல."

"மர்பி டவுன்ல தனியா நல்லா இருப்பேன்னு சொன்னீங்களே?"

கிழவர் கம்பின் அடியைத் தரையில் ஊன்றி, நரம்பை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். கேட்டுவிட்டோம், இனி நாம் பேசக் கூடாது என்று தோன்றியது.

சும்மா இருக்கவும் முடியவில்லை. "தக்கையை இழுங்க" என்றாள்.

"இன்னாத்துக்கு?"

"இழுங்க மாமா."

அவர் சுற்றி இழுத்துக் கொடுத்தார். கொக்கியில் முத்தே இல்லை, எந்த மீனோ சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயிருந்தது. வீணா தக்கையைத் துப்பட்டாவால் ஈரம் போகத் துடைத்தாள். கைப்பையில் துழாவி, அம்புக்குறி வெட்டிய மிச்சத் துண்டை எடுத்தாள். பிளேடால் ஒரு கீறல், பின்தாளை உரித்து, பழைய வெள்ளி வரிகளுக்கு மேலேயே சுற்றி ஒட்டி, நகத்தால் தேய்த்தாள். பிறகு அவர் நெற்றி விளக்கை வாங்கி, சால்வைக்குள் தலையோடு நுழைந்துகொண்டு, வெளிச்சம் வெளியே கசியாமல் தக்கைமேல் அடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இன்னா பண்றே?"

"பால் குடுக்கறேன். இது வெளிச்சத்தைக் குடிக்கணும், அப்புறம்தான் எரியும்."

"அதுவும் ரேடியமா?"

"அதுவும் ரேடியம்தான். ரெண்டும் வேற வேற, பேரு ஒண்ணு." சால்வைக்குள்ளிருந்தே சொன்னாள். "ரெண்டு சாமானுக்கு ஒரே பேர வெச்சு ஊரே ஓட்டுது மாமா. பேரே இல்லாம ஒரு பெரியவர் ஒரு வீட்டுல இருந்துட்டுப் போனா என்ன? யாராவது கேட்டா கிரண் சொல்லிக்கட்டும், இவரு வெங்கடசாமின்னு."

சால்வையிலிருந்து தலையை வெளியே எடுத்து, தக்கையை அவரிடம் நீட்டினாள்.

அவர் புது இரையை உருட்டிக் குத்தி வீசினார். ‘தொப்’. விளக்கு அணைந்திருந்தது. யாரும் கத்தவில்லை.

தண்ணீரில் பச்சையாக ஒரு சின்ன வெளிச்சம் எழுந்து நிமிர்ந்து நின்றது. மற்றவர்களுடையது மாதிரி கூர்மையாக இல்லை. பால் கலந்த மாதிரி மென்மையான வெளிச்சம். அம்பின் நுனித்துண்டு ஒன்று அதில் ஒட்டியிருந்தது. அதனால் தக்கை மேல்நோக்கி வழிகாட்டுவது மாதிரி இருந்தது.

"எரியுதா மாமா?"

வழக்கமான பதில் வரவில்லை. கிழவர் முன்னால் குனிந்து, முட்டியைக் கட்டிக்கொண்டு, கண்கொட்டாமல் பார்த்தார். பொம்மைக் கடை வாசலில் நிற்கிற குழந்தையின் முகம் அது என்று வீணாவுக்குத் தோன்றியது. முகம் தெரியாத இருட்டிலும் தோன்றியது.

"எரியுதும்மா" என்றார். "தானா எரியுது."

பச்சை வெளிச்சம் லேசாக நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது. பிறகு பக்கவாட்டில் ஓர் இழுப்பு.

"மாமா! மீன்! இழுங்க!"

"இருக்கட்டும்."

"முங்குது மாமா!"

வெளிச்சம் தண்ணீருக்குள் போய், அங்கிருந்தே பச்சையாகக் கலங்கித் தெரிந்தது. இரண்டு வருஷமாக ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காத காட்சி. கிழவர் கம்பைத் தொடவில்லை. அவள் பக்கம் திரும்பினார்.

"வீணா."

"சொல்லுங்க மாமா."

"அந்த முன் ரூமு ஜன்னலு எந்தப் பக்கம்மா பாக்குது?"

"ரோட்டுப் பக்கம். கொக்கி வெச்சிருக்காரு, காத்துல அடிக்காது."

"ஓ." சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

"என்னையும் கூட்டிகினு போறியாம்மா?"